வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த மஞ்சள் துப்பட்டா விஷயமா

நம்ம மண்டபம் ஊர்க் கடைக்கு வந்து போற அக்கா, அண்ணே, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மூணு நாளா வாட்ஸ்அப்ல, நீலமா இருந்து மஞ்சளாப் போன ஒரு துப்பட்டா போட்டோ சுத்துது, "ஒரே துவையல்ல சாயம் போச்சு, டூப்ளிகேட்"னு. ஆமா, நம்ம கடைதான். அதுல படமா பதிஞ்சிருக்குற கஞ்சிப்பாசிங்கிற கடல்பாசிய துணில பரப்புனதே நான்தான், பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.

டூப்ளிகேட்னா கூட போகட்டும்னு விட்ருவேன், சாயம்னு சொன்னதுதான் தாங்கல. அது சாயமே இல்லைங்க, சயனோடைப்புனு வெயில்லயே நீலமா படம் எடுக்குற முறை. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடுனு ரெண்டு இரும்பு உப்ப கலந்து இருட்டுல காட்டன் துணில தடவி காயவச்சு, கரைல ஒதுங்குன பாசிய மேல பரப்பி, கண்ணாடி வச்சு அமுக்கி வெயில்ல போடுறோம், கேமராவும் கெடையாது நெகட்டிவும் கெடையாது, வெயில் பட்ட எடத்துல இரும்பு மாறி நீலமா புடிச்சுக்கும், பாசி மறைச்ச எடம் தண்ணில அலசுனா வெள்ளையா நிக்கும். 1842ல ஜான் ஹெர்ஷல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபுடிச்சது. மறுவருஷமே அன்னா அட்கின்ஸ்னு ஒரு அம்மா இங்கிலாந்து கடல்பாசிய இப்படியே எடுத்து புஸ்தகமா போட ஆரம்பிச்சாங்க, அந்த நீலம் இன்னும் இருக்கு. அவங்க அத சோப்புத்தூள்ல ஊறப்போடல, அவ்ளோதான்!

சோப்பு, சோடா மாதிரி காரத்தன்மை உள்ளது பட்டா இந்த நீலம் மஞ்சளாயிடும். வெயில்ல லேசா வெளுத்தா பீரோ இருட்டுல வச்சா கொஞ்சம் திரும்பிரும், சோப்பு, சோடா, பிளீச்சுல போனது போனதுதான். நம்ம போர் தண்ணில அலசி நானே ஆரம்பத்துல எத்தனையோ துணிய கெடுத்திருக்கேன், அதான் குடம் குடமா நல்ல தண்ணி காசு குடுத்து வாங்குறது. சீட்டுல எல்லாம் எழுதித்தான் பைக்குள்ள வைக்கிறோம். எழுத்து பொடிசா இருந்துச்சு, ஒத்துக்கிறேன். அந்த அக்காவுக்கு வேற துப்பட்டா போட்டுத் தர்றேன்னு சொல்லியாச்சு, பதில்தான் வரல.

விஷயம் கேள்விப்பட்டதும் ஃபோன் போட்டு "நீ வேலையப் பாரு"ன்னவங்க, ராமேஸ்வரம் போற வழில வண்டிய நிறுத்தி ஒரு கார்டாவது வாங்கிட்டுப் போறவங்க, உங்களாலதான் கடை ஓடுது, மறக்கமாட்டேன்.

துப்பட்டா இந்த மாசத்துலேந்து 850 ரூபா, முன்ன 650. கூட இருந்த தங்கச்சிக்கு மதுரைல வேலை கெடச்சிருச்சு, அதனால ஞாயித்துக்கிழமை கிளாஸ் இப்போதைக்கு இல்ல, பணம் கட்டுனவங்க வாங்க பேசிக்கலாம்.

அழுக்கான துப்பட்டா இருந்தா கொண்டாங்க, நானே அலசித் தர்றேன். பதினொண்ணுலேந்து ரெண்டு வரைக்கும் மட்டும் கூப்புடாதீங்க, மொட்டமாடில வெயிலோட இருப்பேன்.