தடுப்பு மென்பொருள் வாங்குமுன் மாணவரின் கணினிக் கணக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் மாணவர்கள் வேண்டாத தளங்களுக்குப் போகிறார்கள் என்று புகார் வந்ததும், நிர்வாகங்கள் தடுப்பு மென்பொருள் வாங்க ஓடுகின்றன. மாணவர் உட்காருவது, கணினியில் எதையும் மாற்றும் உரிமையுள்ள அட்மின் கணக்கில் என்றால் அந்தப் பணம் வீண். அட்மின் கணக்கில் இருப்பவர் எந்த மென்பொருளையும் நீக்கலாம், தளங்களின் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையின் எண்ணையும் மாற்றலாம். மாணவருக்கு விண்டோஸில் அந்த உரிமை இல்லாத 'ஸ்டாண்டர்டு' கணக்கு மட்டும் கொடுப்பதே முதல் வேலை. அதற்குக் காலணா செலவில்லை. கூடவே, கணினி துவங்கும் விதத்தை முடிவுசெய்யும் பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டு, பென்டிரைவிலிருந்து கணினி துவங்குவதையும் நிறுத்த வேண்டும்.

அடுத்தது ரவுட்டர். அதன் டிஎன்எஸ் கட்டத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று கொடுத்தால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவச டிஎன்எஸ் சேவை ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் ஆய்வகம் முழுவதற்கும் மறிக்கும். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு கணினியில் கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8ஐக் கையால் போட்டாலே இந்தத் தடுப்பு போய்விடும். எனவே டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழியான 53ஆம் போர்ட்டில் அந்த இரண்டு எண்களுக்குப் போவதை மட்டும் விட்டு, மற்றதை ஃபயர்வால் என்ற தடுப்பு அமைப்பில் மூட வேண்டும். அதே கேள்விகள் மறையாக்கத்தோடு போகும் 853ஐ முழுதாகவே மூடலாம். அப்போதும் ஓர் ஓட்டை மிஞ்சும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உள்ள, டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி அனுப்பும் 'செக்யூர் டிஎன்எஸ்' வசதி, 443ஆம் போர்ட்டில் மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்து போகிறது. 443ஐ மூடினால் இணையமே நின்றுவிடும். அதனால் இதைப் பிரவுசர் பாலிசியில், அதாவது மாணவர் மாற்ற முடியாதபடி நிர்வாகி போடும் பிரவுசர் விதிகளில், அணைப்பதே நல்லது. பிரவுசரில் சேர்க்கும் துணைச் செயலியான எக்ஸ்டென்ஷன் நிறுவுவதையும் அங்கேயே தடுத்தால், தடையைத் தாண்ட உதவும் விபிஎன் பிரவுசருக்குள் புகுவது நிற்கும்.

எமிஸ் என்ற அரசு இணையதளத்துக்கான மாணவர் பதிவும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் அலுவலகக் கணினி, மாணவர்களின் அதே நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது. கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் அனுமதித்தால், ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்கான விலேன். இல்லையேல் தனி ரவுட்டர்.

இவை எல்லாவற்றையும் கெடுப்பது அளவுக்கு மீறிய தடை. யூடியூபை அடியோடு மூடும் பள்ளியில் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் அதோடு போகின்றன. பாடம் நடத்தியாக வேண்டிய ஆசிரியர் என்ன செய்வார்? தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டை வகுப்பு லேப்டாப்பில் இணைப்பார். 'தானாக இணை' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அந்தப் பாஸ்வேர்டு லேப்டாப்பிலேயே தங்கிவிடும். மறுநாள் அந்த ஹாட்ஸ்பாட் எட்டும் தூரத்தில் இருந்தால் லேப்டாப் தானே அதில் சேரும். ரவுட்டரில் போட்ட தடை ஒன்றுகூட அதைத் தொடாது. யூடியூபை மூடாமல், பிரவுசர் பாலிசியில், வேண்டாத வீடியோக்களை வடிகட்டும் அதன் 'ரெஸ்ட்ரிக்டட் மோடு', ஆபாசத் தேடல் முடிவுகளை வடிகட்டும் கூகுளின் 'சேஃப் சர்ச்' இரண்டையும் கட்டாயமாக்கினால் போதும். பாடத்துக்கு வேண்டிய தளம் தடையில் சிக்கினால் ஆசிரியர் எழுதி வைக்க ஆய்வகத்தில் ஒரு நோட்டும், ஒரே நாளில் அதைத் திறந்துவிடும் பொறுப்புள்ள ஒருவரும் வேண்டும். பள்ளிகளுக்கு இதை ஆணையாகவே அனுப்பும்படி கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி நெட்வொர்க் பராமரிப்பாளர்,
திருச்சி