கடைசி முறுக்கு தரையில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ் (மூட்டுகளில் அதிர்வைத் தாங்கப் போடும் ரப்பர் உருளை) மாற்றுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழையதைத் தட்டி எடு, புதியதை அழுத்திப் பொருத்து, நட்டை இறுக்கு, வேலை முடிந்தது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார்களே, அந்த ‘நட்டை இறுக்கு’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அப்படியே செய்தால் சீக்கிரமே மறுபடி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டி வரும். நான் படுத்தேன்.

ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலும் சாமான் இல்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டிக்கிடக்கும் ரப்பர். நட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும், சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு ஈடுகொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கிய நிமிஷமே ரப்பர் முறுக்கேறி நிற்கும். சும்மா நிற்கும்போதே இந்தக் கதி என்றால் பள்ளத்தில் விழும்போது கேட்க வேண்டுமா? அதனால் முதலில் நட்டைப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் வைத்து, சக்கரத்தை மாட்டி, வண்டியின் எடை முழுக்கச் சக்கரங்களில் இறங்கிய பிறகு முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி உட்காரவிட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்சை, அதாவது சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனரை, கையில் எடுக்க வேண்டும்.

என்னுடையது டாட்சன் 240இசட், 1969-இல் அறிமுகமான மாடல். அதன் பின்பக்கக் கீழ் ஆர்மின் (சக்கரப் பகுதியை வண்டியோடு இணைக்கும் கை) வெளிமுனையில் நீளமான ஸ்பிண்டில் பின் ஒன்று இரண்டு புஷ்களையும் நடுவில் உள்ள, சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பையும் கோத்துக்கொண்டு போகும், ஆப்பு மாதிரி சரிந்த ஒரு சின்ன போல்ட் அதைப் பூட்டி வைத்திருக்கும். அத்தனை வருஷத் துருவும் அங்கேதான். அவசரப்பட்டு சுத்தியலால் அடித்தேன், பின்னின் நுனி காளான் மாதிரி விரிந்து மரையும் நசுங்கிப்போனது, புதுசு வாங்க வேண்டியதாயிற்று. துரு இளக்கும் எண்ணெயை விட்டு நாலு நாள் ஊறப்போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. ரப்பரைத் தீ வைத்து எரித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, ரப்பரைத் துளைபோட்டுத் தள்ளிவிட்டு, மிஞ்சும் வெளிக்குழாயை ஹாக்சா பிளேடால் மெதுவாக அறுத்தால் போதும், ஆர்மில் கீறல் விழாமல்.

பாலியூரித்தேன் என்ற கெட்டியான செயற்கைப் பொருளில் செய்த புஷ்ஷைக் கட்டுரை ஏகமாகப் புகழ்ந்திருந்தது. அது உள்குழாயைச் சுற்றிச் சுழல்கிற வகை, முறுக்கேறும் தொல்லை இல்லை, சரி. ஆனால் அதற்கேற்ற கிரீஸ் தடவாமல் விட்டால் பழைய கட்டில் மாதிரி கிரீச்சிடும், ரோட்டின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். பந்தயத்துக்குப் போகாத வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்கே. எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தில் ஒருவர் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்க, முழு பலத்தோடு ஸ்பேனரை இழுக்கிறார். அந்தப் படத்தையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்