திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு 10 திரையிடல்கள் நடந்தன. பொதுக்குழு ஒருமுறை கூடியது, ஒருமுறை போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது. நூலகத்துக்கு அலமாரி வாங்கினோம்.

ஜூலைத் திரையிடல் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செயலாளர் தன் இஷ்டத்துக்குப் படம் போடுகிறார்" என்று பேச்சு அடிபடுகிறது. ஆமாம், என் இஷ்டம்தான். பிரெஞ்சு இயக்குநர் ழான் விகோ 1930இல் பிரான்சின் நீஸ் நகரைப் பற்றி எடுத்த ஊமைப்படம். அரைமணி நேரம்கூட ஓடாது. டாக்குமெண்டரிதானே என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். டாக்குமெண்டரிதான், ஆனால் ஊரையே கேலி செய்கிற டாக்குமெண்டரி. காசநோய்க்காக நீஸுக்குப் போன இளைஞர் விகோ, மாமனார் கொடுத்த பணத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கி, கடற்கரைச் சாலையில் வெயில் காயும் பணக்காரர்களைப் பிடித்துப் போட்டிருக்கிறார். ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன், சோவியத் டாக்குமெண்டரி இயக்குநர் ஸீகா வெர்தோவின் தம்பி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை மறைத்துவைத்து எடுத்திருக்கிறார். மிடுக்கான சீமாட்டி ஒருத்தி, உடனே ஒரு நெருப்புக்கோழி! படத்தில் நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் காட்சிக்குக் காட்சி உடை மாறுகிறது, கடைசியில் உடையே இல்லை. பாலிஷ்காரர் மும்முரமாகத் தேய்க்கிறார். பார்த்தால் ஷூவைக் காணோம், வெறுங்கால். வந்திருந்த 9 பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். பழைய நீஸின் சந்துகளும் கொடித்துணிகளும் வந்தபோது சிரிப்பு தானாக அடங்கியது.

9 பேர். பதிவேட்டில் இருப்பது 63. மழை என்று காரணம் சொன்னவரின் வீடு அரங்குக்கு எதிர்வரிசை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். சந்தா பாதிப்பேரிடம் நிலுவை. பாக்கிதாரர் பெயர்களைப் பலகையில் எழுதும் யோசனையைத் தடுத்தது நான்தான். பட்டியலில் முதல் பெயர் என் சம்பந்தியுடையது என்பது வேறு விஷயம்.

வாடகையைக் குறைத்த அரங்க உரிமையாளருக்கும், தேநீர் தந்த மகளிர் அணிக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

விகோவும் நீஸில் ஒரு திரைப்படச் சங்கம் நடத்தியவர். சந்தாவை எப்படி வசூலித்தாரோ! 29 வயதில் போய்விட்டார். 1933இல் அவர் எடுத்த பள்ளிக்கூடப் படத்தைப் பிரான்சில் தடையே செய்தார்கள். அடுத்த ஆண்டு அதைப் போட ஆசை. எனக்கு 67 வயது. நாற்காலிகளை நானே எடுத்துப் போட முழங்கால் விடவில்லை. யாராவது இளைஞர் முன்வந்தால் பதவியை விட்டுத்தரவும் தடையில்லை. அரங்குச் சாவி என்னிடம் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் சந்தாவையும் கையோடு கொண்டுவரலாம்.

செயலாளர்