வெள்ளியங்கிரிப் பாதையைச் செப்பனிட எங்களை அனுமதியுங்கள்

தமிழ்நாடு வனத்துறையின் உயர் அலுவலர்களுக்கும், இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அவர்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சென்னையில் வாழ்ந்துகொண்டு ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி மலையேறிவரும் பதினெட்டுப் பேரின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். எங்களில் சிலர் பக்தியால் ஏறுகிறார்கள், சிலர் மலையின் மீதுள்ள விருப்பத்தால் ஏறுகிறார்கள்; பலருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் பகலைக் கோவையில் கழித்து, பொழுது சாய்ந்ததும் பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்குவது எங்கள் வழக்கம். கடந்த சில ஆண்டுகளாக, பருவம் முடியும் நாட்களில் அங்கே குப்பை அகற்றும் பணியிலும் பங்கேற்று வருகிறோம். மூட்டை மூட்டையாகப் பாட்டில்களையும் நெகிழி உறைகளையும் சுமந்து இறங்கும்போது மனத்துக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இறங்கிவரும் அந்தப் பாதையே காலடியில் கரைந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, குப்பையை மட்டும் அள்ளிவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை.

ஏழு மலைகளைக் கடந்து உச்சியிலுள்ள சிவன் கோவிலுக்குச் செல்லும் அந்தப் பாதை ஒருவழியில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுடையது. அந்தத் தொலைவுக்குள் 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம் இருக்கிறது. முதல் மலையின் கற்படிகள் தேய்ந்தும் சாய்ந்தும் இருந்தாலும் இன்னும் தாங்குகின்றன. எங்களை வருத்துவது மேலே, மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கிய பிறகு வரும் பகுதி. வெண்ணிற மண் சரிவில் பாதை சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அரிக்கப்பட்டு, நடக்கும் வழி என்பதைவிட ஓடை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. சென்ற முறை விடியற்காலையில் இறங்கியபோது, வெறுங்காலுடன் வந்த முதியவர் ஒருவர் அந்தச் சரிவின் மேல்முனையில் தடியை ஊன்றியபடி நெடுநேரம் நின்றார். பள்ளத்துக்குள் கால் வைக்க அஞ்சி, பக்கத்துப் புல்லின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் நகர்ந்து இறங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே இடத்தில் நானும் புல்லின் மேல்தான் நடந்தேன். இப்படி ஒவ்வொருவரும் பள்ளத்தை விட்டு விலகி நடப்பதால் ஒரு பாதை இரண்டாகி, இரண்டு நான்காகிப் புல்வெளி கீற்றுக் கீற்றாகக் கிழிந்துபோகிறது. கோவில் நடைபாதை மே இறுதியில் மூடப்பட்டதும் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. வேர்ப்பிடிப்பு அறுந்த அந்த மண்ணை மழை அரித்துச் செல்கிறது. இந்த மலைத்தொடரில்தான் நொய்யல் பிறக்கிறது என்பதால், இங்கே அரிபடும் மண்ணை வெறும் பாதையின் இழப்பாக மட்டும் பார்க்க முடியவில்லை.

பாதையைக் கெடுப்பதில் கால்களைவிடத் தண்ணீரின் பங்கு பெரிது. கால் மிதித்து மண்ணை இறுக்கிச் சிறு பள்ளமாக்குகிறது. மழைநீர் அந்தப் பள்ளத்தைத் தன் வழியாக எடுத்துக்கொண்டு, சரிவு கூடக்கூட வேகமும் கூடி, அடுத்த மழையில் இன்னும் ஆழமாக வெட்டுகிறது. ஆகவே தண்ணீரைப் பாதையில் ஓடவிடாமல் பக்கவாட்டில் தள்ளிவிடுவதுதான் செப்பனிடும் வேலையின் உயிர்நாடி. பாதையின் தளத்தை வெளிப்புறம் சற்றே சாய்த்து அமைக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் குறுக்காகச் சாய்கோணத்தில் கற்களைப் பதித்து நீரைத் திருப்பிவிட வேண்டும். திருப்பிய நீர் விழும் இடத்திலும் கல் பாவி அரிப்பைத் தடுக்க வேண்டும். வயலில் மடை திருப்பியவர்களுக்கு இது புதிய வித்தையல்ல. கட்டியதோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. குறுக்குக் கற்களின் பின்னே வண்டலும் சருகும் சேர்ந்துவிட்டால் நீர் அவற்றைத் தாண்டிப் பழைய வழியிலேயே பாயும் என்பதால், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் யாராவது மண்வெட்டியோடு சென்று அவற்றைத் தூர்வார வேண்டும். தூர்வாராத மழைநீர் வடிகால் ஒரே இரவில் தெருவை என்ன செய்யும் என்பதைச் சென்னையில் வாழும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1937-இல் முழுமை பெற்ற அப்பலாச்சியன் நெடும்பாதை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கிறது. அதன் பராமரிப்பில் பெரும்பகுதியைத் தன்னார்வ மலையேற்றச் சங்கங்களே ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு செய்கின்றன. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், குன்றுகளின் மேல் ஏறிப் பாதைகளின் வடிகால்களைச் சுத்தம் செய்வதற்கென்றே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களின் மண்ணும் மழையும் வேறு, அங்கே யானைகளும் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் ஒரு பாதையை ஒரு குழுவிடம் பல ஆண்டுகளுக்குப் பொறுப்பாக ஒப்படைக்கும் அந்த முறை நமக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

வனத்துறையின் எச்சரிக்கை உணர்வுக்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், சென்னையிலிருந்து சென்றவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாங்கள் மறக்கவில்லை. அதன் பிறகு வந்த கட்டுப்பாடுகளை மதிக்கிறோம். காப்புக் காட்டில் அனுமதியின்றி ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பதும் தெரியும். அதனால்தான் நாங்களே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போகாமல், இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிப்ரவரியில் பாதை திறக்கப்படுவதற்கு முந்திய சனவரியில் ஒரு முறையும், மே இறுதியில் பாதை மூடப்பட்ட உடனே மழை வலுப்பதற்குள் ஒரு முறையும், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மிகாத குழுவை வனப் பணியாளர்களின் கண்காணிப்பில் பகல் நேரத்தில் மட்டும் பணிசெய்ய அனுமதிக்க வேண்டும். வேலையை எங்கள் விருப்பப்படி செய்ய நாங்கள் கேட்கவில்லை. அடிவாரத்து ஊர்களில் வாழும் இருளர் மக்களில் அனுபவமுள்ளவர்களை மேஸ்திரிகளாக அமர்த்தி, அவர்களுக்குக் குறைவற்ற கூலி தந்து, அவர்கள் சொற்படி நாங்கள் கல் சுமக்கிறோம். எந்த மழைக்கு எந்தச் சரிவு இளகும், யானை எந்தத் தடத்தில் வரும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? இலவசமாக வேலைசெய்ய நகரத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்பதற்காக அவர்களுடைய ஒருநாள் கூலிகூடக் குறைந்துவிடக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். சீரமைப்பு என்றதும் அடிவாரத்திலிருந்து உச்சி வரை சிமெண்ட் படி கட்டிவிடலாம் என்ற யோசனை எழக்கூடும். புல்வெளியில் அது கேடு. சிமெண்ட் தளத்தில் இறங்கும் நீர் வேகமெடுத்து, தளத்தின் இரு ஓரங்களையும் அரித்து, சில ஆண்டுகளில் படிகளையே அந்தரத்தில் நிறுத்திவிடும். பாதையில் உதிர்ந்து கிடக்கும் கற்களையே பயன்படுத்தி, வெறுங்காலில் ஏறுபவர்களின் பாதத்தைக் கிழிக்காதபடி தட்டையான முகம் மேலே இருக்குமாறு பதித்து, வயதானவர்கள் முழங்கால் நோகாமல் ஏறும்படி படியின் உயரத்தைத் தாழ்வாக வைத்தால் போதும். கால்வைக்க நல்ல இடம் இருந்தால் பெரும்பாலானவர்கள் புல்லை மிதிக்கப் போவதில்லை. கைவிடப்பட்ட கிளைப்பாதைகளை முள்கிளைகளால் அடைத்து, அதே மலையில் வேரோடு பெயர்த்த புற்கரணைகளைப் பதித்து ஓய்வு கொடுத்தால், பசுமை மெல்லத் திரும்பும்.

முதல் ஆண்டில் வெண்மண் சரிவில் 100 மீட்டர் நீளத்தை மட்டும் எங்களிடம் சோதனையாக ஒப்படையுங்கள். வேலைக்கு முன்னும், ஒரு பருவமழை கழிந்த பின்னும் பள்ளத்தின் ஆழத்தை ஒரே இடங்களில் அளந்து தங்களிடம் தருகிறோம். பயன் இல்லையென்றால் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கருவிகளுக்கும் பயணத்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவு எங்களுடையது. கிண்டியிலுள்ள வனத்துறைத் தலைமை அலுவலகத்துக்கு எந்த நாளில் அழைத்தாலும் நேரில் வந்து விவரம் சொல்லக் காத்திருக்கிறோம். கார்த்திகை பிறப்பதற்குள் பதில் கிடைத்தால், சனவரி மாதப் பணிக்கு விடுப்பு எழுதிக்கொடுக்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பதினெட்டு மலையேறிகளின் சார்பில்,
சென்னைவாசி ஒருவர்