எங்காவின் கணக்கில் பன்றியும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பப்புவா நியூ கினியின் எங்கா மாகாணத்துச் சண்டைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 2024 பிப்ரவரியில் வாபெனமாண்டா பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் உடல்களை லாரியில் ஏற்றிய காட்சியில் தொடங்கி, அந்த மக்களுக்குச் சண்டை ரத்தத்திலேயே ஊறியது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த முடிவோடுதான் எனக்கு வழக்கு. எங்காவைப் பற்றி எழுதிவிட்டு பாலி வீஸ்னர் பெயரைச் சொல்லாமல் விடுவது, காவிரியைப் பற்றி எழுதிவிட்டு மேட்டூரை விடுவது மாதிரி.

அமெரிக்க மானுடவியலாளரான வீஸ்னர் 1970களில் ஆய்வைத் தொடங்கியது ஆப்பிரிக்காவின் கலஹாரியில். அங்கே ஜூஹோவான்சி மக்கள் தொலைவில் இருக்கும் உறவுகளுக்கு மணிக்கோவை போன்றவற்றைக் கொடுத்து வைப்பார்கள். பதிலுக்கு உடனே எதுவும் வராது, வரவும் கூடாது. மழை பொய்த்த வருஷத்தில் அந்த உறவைச் சொல்லிக்கொண்டு அவர்கள் பக்கம் போய்த் தங்கலாம். இதற்கு ஹாரோ என்று பெயர். ஏறக்குறைய நம் மொய்தான், நோட்டு மட்டும் கிடையாது.

1985இல் அவர் எங்காவுக்குப் போனார். அக்கீ துமு என்ற எங்கா அறிஞரோடு சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட குலங்களின் பெரியவர்களிடம் வாய்மொழி வரலாற்றைக் கேட்டுத் தொகுக்கப் பத்தாண்டு பிடித்தது. 1998இல் புத்தகமாக வந்தது. அதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 'பெரும் சடங்குப் போர்' பற்றிய பகுதி. நிலம் பிடிக்க நடந்த போர் அல்ல அது. இரு தரப்பு வீரர்களுக்கும் வேறு குலங்கள் இடம் கொடுத்துச் சோறு போடும். ஊரே வேடிக்கை பார்க்கும். உயிர் போவதும் உண்டு. ஆனால் சண்டை ஓய்ந்த பிறகுதான் உண்மையான காரியமே ஆரம்பம்: விருந்து, கூட்டம் கூட்டமாகப் பன்றிகள் கைமாறுவது, புது உறவுகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சில நூற்றாண்டுகளுக்கு முன் அந்த மலைக்கு வந்திராவிட்டால் இத்தனை பன்றிக்குத் தீனியும் இல்லை, இந்தப் போரும் இல்லை. ரத்தத்தில் ஊறிய வெறி என்று இதைச் சொல்ல முடியுமா?

சாதாரணக் குலச் சண்டைக்கும் கணக்கு இருந்தது. தனக்குத் துணைக்கு வந்து செத்தவனுடைய குலத்துக்கும் இழப்பீடாகப் பன்றி கொடுக்க வேண்டும், எதிரித் தரப்பில் விழுந்தவனுக்கும் கொடுக்க வேண்டும். வில்லும் அம்பும் இருந்தவரை அந்தக் கணக்கு தாங்கியது. 1990 வாக்கில் துப்பாக்கி வந்தது, பின்னாலேயே எம்-16 என்ற ராணுவத் துப்பாக்கி வந்தது. கூலிக்குச் சுடும் இளைஞர்களுக்கு 'ராம்போ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சாவு பெருகப் பெருக, இருக்கிற பன்றி எல்லாவற்றையும் கொடுத்தாலும் கணக்கு தீரவில்லை. பெரியவர் பேச்சை ராம்போக்கள் கேட்கவும் இல்லை.

வீஸ்னரும் நிட்ஸே புபு என்ற எங்காக்காரரும் இருபது ஆண்டுச் சண்டைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து 2012இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சுமார் 500 சண்டைகள், ஏறக்குறைய 5000 உயிர்கள். கட்டுரையாளர் இதுவரை வந்திருந்தால் தன் கருத்துக்குச் சான்று கிடைத்தது என்று நின்றிருப்பார். அதன் பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. மக்கள் சலித்துப்போனார்கள். உள்ளூர் நீதிமன்றங்கள், தேவாலயங்கள், குலப் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து பழைய இழப்பீட்டு வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். சண்டை மூண்டாலும் சில சாவுகளோடு நிறுத்திப் பேச உட்கார்ந்தார்கள். துப்பாக்கியை யாரும் பிடுங்கவில்லை. துப்பாக்கி கையில் இருக்கும்போதே சாவு குறைந்தது.

வருவாய்த் துறையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கோயில் திருவிழா, பாதை, சுடுகாடு என்று எத்தனையோ தகராறுகளுக்குச் சமாதானக் கூட்டம் போட்டிருக்கிறேன். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டதும் கோப்பை மூடிவிடுவோம். அடுத்த திருவிழாவுக்கு அந்த ஊரில் என்ன ஆயிற்று என்று ஒரு தடவையும் போய்ப் பார்த்ததில்லை. இந்த அம்மாள் போய்ப் பார்த்தார், இருபது வருஷத்துக்கு மேல்.

2024இல் நடந்தது அவர் சொன்னதைப் பொய்யாக்கிவிடவில்லையா என்று கேட்கலாம். சமாதானம் நிலைக்கும் என்று அவர் எழுதவில்லை. எப்படி வந்தது என்றுதான் எழுதினார். வந்த வழி தெரிந்தால் எங்கே அறுந்தது என்றும் தேடலாம். ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டால் தேட என்ன இருக்கிறது?

கட்டுரையாளர் எங்காவைப் பற்றி மறுபடி எழுதுவார் என்று நினைக்கிறேன். வாபெனமாண்டாவில் அதற்குப் பிறகு யார் யாரோடு உட்கார்ந்து பேசினார்கள், எத்தனை பன்றி கைமாறியது என்று அப்போது விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாட்சியர்,
மன்னார்குடி