கைடு வாங்கும் முன்: பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர், ஜோகுபாளையம், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பத்தொன்பது வருஷமாக வீட்டு முன்னறையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வரும்போது நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "மிஸ், கிராமர் எப்படியோ வந்துடும். இந்த போயம், எஸ்ஸே எல்லாம் எங்களால சொல்லித்தர முடியாது, எங்களுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. நீங்களே பதில் எழுதிக் கொடுத்துடுங்க, மனப்பாடம் பண்ணிடுவான்."

அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். உங்களால் முடியும். கவிதையைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவதற்கு ஆங்கிலம் தேவையே இல்லை. தமிழில் பேசுங்கள். அப்படிப் பேசாமல் விடுவதால் நம் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் ஒன்பதாவது படித்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவர்களுடைய 'பீஹைவ்' பாடப்புத்தகத்தில் 'விண்ட்' என்று ஒரு கவிதை. பல வருஷமாக நாடு முழுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படித்தது. அதை எழுதியவர் நம் சுப்பிரமணிய பாரதி என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஏ.கே. ராமானுஜன். 1929-இல் மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படிப்புக்கு ஆங்கிலம் என்று வளர்ந்தவர், நம் பிள்ளைகளைப் போலவே.

அந்தப் பெண் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். காற்றுத் தேவன் வலுவற்றதையெல்லாம் 'வின்னோ' செய்து நொறுக்குகிறான் என்று வரும். அந்தச் சொல்லுக்கு கைடில் போட்டிருந்த ஆங்கில விளக்கம் அவளுக்குப் பிடிபடவில்லை. அலமாரியிலிருந்து பாரதியின் வசன கவிதையை எடுத்து வாசித்தேன்.

"நொய்ந்த வீடு, நொய்ந்த கதவு, நொய்ந்த கூரை, நொய்ந்த மரம், நொய்ந்த உடல், நொய்ந்த உயிர், நொய்ந்த உள்ளம், இவற்றைக் காற்றுத் தேவன் புடைத்து நொறுக்கிவிடுவான்."

புடைத்து என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பாட்டி முறத்துல பண்ணுவாங்களே, அதுவா மிஸ்?"

அதேதான் என்றேன். அன்று ராத்திரி பாட்டியை முறத்தோடு உட்கார வைத்திருக்கிறாள். தூக்கித் தூக்கிப் போடும்போது கனமான மணி முறத்திலேயே விழுகிறது, பதரும் உமியும் பறந்து போகிறது என்று பாட்டி காட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு, உடைந்த அரிசியை ஒதுக்கி, "இதுதான்டி நொய்" என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்தப் பெண் என்னிடம் சொன்னது இது: காற்று ஆளைப் பார்த்துக் கோபப்படவில்லை, கனம் இருக்கிறதா என்று சோதிக்கிறது. அதனால்தான் வீட்டைத் திண்மையாகக் கட்டுவோம், உடலையும் உள்ளத்தையும் உறுதியாக்குவோம் என்று கவிதை நம்மைக் கூப்பிடுகிறது. கடைசியில் மெலிந்த தீயை அவித்து வலிய தீயை வளர்ப்பதும் அதே வேலைதான்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கவிதைக்கு இவ்வளவு தெளிவான வாசிப்பை நான் எந்த கைடிலும் பார்த்ததில்லை. ஆங்கிலமே தெரியாத ஒரு பாட்டி அதற்குத் துணை நின்றார்.

அப்புறம் நடந்தது வருத்தமானது. அவள் அதைத் தன் அசைன்மெண்டில் எழுதினாள். பள்ளியில் அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்து, 'பாடத்தில் இல்லாதது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "கைடுல இருக்கறதையே எழுதச் சொல்லுங்க மிஸ், மார்க் போகுது" என்று கண் கலங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெண் தன் மனசில் பட்டதை எழுதுவதை நிறுத்திவிட்டாள். பத்தாவது முடிக்கும்வரை கைடு வாக்கியங்களைப் பிசகாமல் ஒப்பித்தாள். நல்ல மார்க்தான் வாங்கினாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானும் முதல் ஆறேழு வருஷம் பதில்களைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தவள்தான். இருபது பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே பதில் இருக்கும். ப்ளஸ் ஒன் போனதும் அவர்கள் முன்பின் பார்க்காத கவிதை ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னால் தடுமாறினார்கள். யாராவது பதில் கொடுத்தால் படிக்கத் தெரியும், கவிதையைப் படிக்கத் தெரியாது. அந்தத் தவறில் எனக்குப் பங்கு உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இன்னொரு பையனின் கதையைச் சொன்னால் புரியும்.

மாநில போர்டு பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஷேக்ஸ்பியரின் ஒரு பகுதி பாடமாக வந்தது. 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நான்காம் அங்கத்தில், வக்கீல் வேடத்தில் வந்த போர்ஷியா என்ற பெண், வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதரான ஷைலாக்கிடம், கடனைத் திருப்பித் தராதவனுக்குக் கருணை காட்டச் சொல்லிப் பேசுவது. முதல் வரியிலேயே கருணை 'ஸ்ட்ரெயின்ட்' ஆனது இல்லை என்று வரும். பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத் தேநீர் வடிகட்டுவதோடு சேர்த்துக் குழம்புவார்கள். அங்கே அதற்குப் பொருள் கட்டாயம், வற்புறுத்தல். கருணையைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது, வானத்திலிருந்து மென்மையாக விழும் மழைபோல அது தானாக வரவேண்டும் என்கிறாள் போர்ஷியா.

அந்தப் பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அல்சூர் ஏரிக்கரையில், பதினெட்டு வருஷம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்தார்களே திருவள்ளுவர் சிலை, அந்தப் பக்கம்தான் வண்டியை நிறுத்துவார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். மகனிடம், "என்னடா பாடம்?" என்று கேட்டிருக்கிறார். மகன் மழை, கருணை என்று ஏதோ தமிழில் சொல்ல, அப்பா ஒரு குறளை எடுத்து விட்டிருக்கிறார்: "கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு." மழைக்கு இந்த உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும், அதுபோலத்தான் பெரியவர்கள் செய்யும் உதவியும், என்று அர்த்தமும் சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்டுவிட்டு வந்த பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "மிஸ், வள்ளுவர்ல மழைக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. ஆனா இங்க கொடுக்கறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் ரெண்டு பேருக்கும் நன்மைன்னு வருதே. அப்ப ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

பதினைந்து வயசுப் பிள்ளை இப்படிக் கேட்டால் அதற்கு மேல் ஒரு இலக்கிய வகுப்பு என்ன வேண்டும்? ஒரு மணி நேரம் பேசினோம். இவ்வளவு கருணை பேசிய அந்த நீதிமன்றம் கடைசியில் ஷைலாக்கின் சொத்தையும் எடுத்து, மதத்தையும் மாற்றச் சொல்கிறதே, அது கருணையா என்பதுவரை போனது. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அன்று எழுதிய கட்டுரைகளில் எதுவும் இன்னொன்றைப் போல இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோவது கவிதைக்குள் நுழையும் வழி, அவ்வளவுதான். பரீட்சைத் தாளில் குறளை எழுதிவிட்டு வந்தால் மார்க் கிடைக்காது. அந்தப் பையனுக்கு நான் சொன்னதும் அதுதான்: உன் யோசனை குறளிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அதற்குச் சாட்சி ஷேக்ஸ்பியரின் வரியில் இருக்கவேண்டும். முறம் பற்றி எழுதிய பெண்ணும் 'வின்னோ' என்ற சொல்லைத் தொட்டுவிட்டு அங்கிருந்து முறத்துக்குப் போயிருந்தால், சிவப்பு மையால் அடித்த ஆசிரியருக்கும் அதை அடிப்பது கடினமாகியிருக்கும். அதை அவளுக்கு அப்போதே நான் சொல்லித் தந்திருக்கவேண்டும்.

கட்டுரை எழுதுவதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடமும் இதுதான். 'கவிஞர் உவமையைப் பயன்படுத்தியுள்ளார், அது கவிதைக்கு அழகு சேர்க்கிறது' என்று எழுதுவார்கள். உலகத்தில் உள்ள எந்தக் கவிதைக்கு வேண்டுமானாலும் அந்த வாக்கியத்தை ஒட்டலாம். எந்த உவமை, ஏன் மழை, ஏன் வெள்ளமோ ஆறோ இல்லை, மென்மையாக என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். முதலில் தமிழில் வரும், பாதி கன்னடத்தில்கூட வரும். வந்ததை அப்படியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலமாக்குவது அடுத்த வேலை, அதற்கு நான் இருக்கிறேன், பள்ளி ஆசிரியர் இருக்கிறார்.

எதுகை, மோனை, இயைபு, உருவகம் என்று நீங்கள் சின்ன வயசில் படித்ததெல்லாம் ஆங்கிலக் கவிதையைப் பார்க்கவும் உதவும். மோனை மாதிரியே சொல்லின் முதல் ஒலி திரும்ப வருவதும், இயைபு மாதிரி வரிக்கடைசி ஒத்து வருவதும் அங்கேயும் உண்டு. வாய்விட்டுப் படித்தால் காது கண்டுபிடிக்கும். அதனால் கவிதையைக் குறைந்தது மூன்று தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சமையலறையில் இருந்தபடியே கேட்டால் போதும்.

கைடுகளை நான் முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவற்றை நம்பி மோசம் போவதும் உண்டு. பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ பாடத்தில் ராபர்ட் ஃப்ராஸ்டின் எட்டே வரிக் கவிதை ஒன்று, 'டஸ்ட் ஆஃப் ஸ்னோ'. ஹெம்லாக் மரத்திலிருந்து ஒரு காகம் பனித்தூளை உதிர்க்க, கவிஞரின் மனநிலை மாறுகிறது. ஹெம்லாக் நச்சு மரம் என்று என்னிடம் வரும் நோட்டுகளில் எழுதியிருக்கும். நஞ்சுள்ள ஹெம்லாக் ஒரு செடி. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் காடுகளில் நிற்கும் ஹெம்லாக் ஊசியிலை மரம், அதில் நஞ்சு கிடையாது. பெயர் மட்டும் ஒன்று. பெயரில் ஒட்டியிருக்கும் அந்த நஞ்சின் நிழலைக் கவிஞர் வேண்டுமென்றே சேர்த்தார் என்று ஒரு பிள்ளை வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் வாதம் என்று தெரிந்து எழுதவேண்டும். காகமும் அப்படித்தான். அபசகுனப் பறவை என்று கைடு முடித்துவிடும். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு, அது கரைந்தால் விருந்தாளி வருவார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் பறவை வேறு மாதிரி அல்லவா தெரியும்? இரண்டு பார்வையையும் வைத்துக்கொண்டு, ஃப்ராஸ்டின் வரி எதற்கு இடம் தருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது கைடின் இடத்தைக் கைபேசி பிடித்துவிட்டது. கேள்வியைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் முழுக் கட்டுரை வருகிறது. அசைன்மெண்டுக்கு அதைக் காப்பி செய்கிறார்கள். தடுத்துப் பயனில்லை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு ஒரு வழி கைகொடுத்தது. பிள்ளை எழுதிய கட்டுரையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தான் யோசித்து எழுதியதாக இருந்தால் சொல்லிவிடும். இல்லையென்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடும். திட்டவேண்டாம், அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

மார்க் என்ன ஆகும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வின் 80 மார்க்கில் 40 இலக்கியத்துக்கு. ஐசிஎஸ்இ-யில் இலக்கியத்துக்குத் தனித் தாளே இருக்கிறது, அதுவும் 80 மார்க். சின்ன விஷயம் இல்லை. வரியைச் சாட்சியாக வைத்துத் தன் கருத்தை எழுதுகிற பிள்ளைக்கு அதில் பெரிய நஷ்டம் வந்து நான் பார்த்ததில்லை. யாராவது அந்தப் பதிலைச் சிவப்பு மையால் அடித்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்த வரியிலிருந்து இது வந்தது என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு மார்க்கைத் திருத்திப் போட்ட ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும்.

இந்த வருஷத்திலிருந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணி வகுப்பில் பெற்றோரும் பாட்டி, தாத்தாவும் கூட உட்காரலாம் என்று வைத்திருக்கிறேன். தனியாகக் கட்டணம் இல்லை. முதல் சனிக்கிழமை பாரதியின் காற்றை இரண்டு மொழியிலும் வாசிக்கப் போகிறோம். தமிழ் வரிகளை வாசிக்க ஆள் வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. உங்களுக்குத் தெரியும். வீட்டில் முறம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் பிள்ளைகளின் டியூஷன் மிஸ்