ஒரு கொக்கி படுத்தும் பாடு

அன்புள்ள புலவனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் மனசு ஆறியது. இங்கே எனக்கு முழங்கால்தான் தொல்லை. ஏழாம் வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறேன்.

என்ன பாடம் ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாக இங்கிலீஷில் ஒரே பாடம், இன்னாருடையது என்று காட்டப் போடுகிற அபாஸ்ட்ராபி. பிள்ளைகளுக்கு அது ‘மேல் கமா’. நான் கொக்கி என்கிறேன்.

முதலில் ஒருவரும் அதைப் போடவே இல்லை. ‘குமார் ஹவுஸ்’, ‘அம்மா சாரி’ என்றே எழுதினார்கள். பழி உன்மேல்தான், தமிழ் வாத்தியாரே! குமார் வீடு, அம்மா சேலை என்று எழுதினால் நீ ஆறாம் வேற்றுமைத் தொகை என்று பெயர் வைத்து மதிப்பெண்ணும் போடுவாய். மறைந்து நிற்கிற அதே உருபுக்கு நான் சிவப்பு மையில் சுழிக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தேன். மறுவாரம் கொக்கி மழை. ‘டூ பென்ஸ்’ என்பதற்கும் கொக்கி, ‘ஷீ ரன்ஸ்’ என்பதற்கும் கொக்கி. ஒருத்தன் பஸ்ஸையும் விடவில்லை. பி, யூ எழுதி, கொக்கி மாட்டி, அப்புறம் எஸ். திட்ட மனம் வரவில்லை. இங்கிலாந்துக் காய்கறிக்கடை விலை அட்டைகளிலேயே பன்மைக்கெல்லாம் இப்படிப் போட்டுப் போட்டு, அந்தத் தப்புக்குக் காய்கறிக்காரர் அபாஸ்ட்ராபி என்று பேரே வந்துவிட்டது.

நிஜமான முடிச்சு அதற்கப்புறம் விழுந்தது. ‘அந்தப் பையனின் புத்தகங்கள்’, இதை எழுதச் சொன்னேன். பையன் ஒருவன்தானே, கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் வரவேண்டும். பாதி வகுப்பு பின்னால் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டால், “புக்ஸ் நிறைய இருக்கே சார்!”

அன்று ராத்திரி படுத்தபிறகு, ஹாஸ்டலில் விடிகாலை ஐந்து மணிக்கு நீ கத்திக் கத்தி எங்கள் தூக்கத்தைக் கெடுத்த நன்னூல் சூத்திரம் ஞாபகம் வந்தது. ‘ஆறன் ஒருமைக்கு அதுவும் ஆதுவும், பன்மைக்கு அவ்வும் உருபாம்.’ எனது கை. ஆனால் என கைகள். பொருள் ஒன்றா பலவா என்று பார்த்து உருபு மாறுகிறது. இங்கிலீஷ்காரன் பொருளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உடையவன் ஒருவனா பலரா என்பதுதான் அவன் கணக்கு. என் பிள்ளைகள் பவணந்தி முனிவர் கட்சி! ‘என கைகள்’ என்று இன்றைக்கு எவனும் பேசுவதில்லை, இவர்கள் நன்னூலைத் தொட்டதும் இல்லை, தெரியும். இருந்தாலும் அந்தத் தப்பின்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஒருமை பன்மை விதியைக் கரும்பலகையிலிருந்து அழித்தேன். இப்போது ஒரே கேள்விதான்: யாருடையது? அந்தப் பெயரை முழுசாக எழுதி முடி. முடித்த இடத்தில் கொக்கி மாட்டு. பெயர் ஏற்கெனவே பன்மை எஸ்ஸில் முடிந்திருந்தால் அதோடு விட்டுவிடு, இல்லையென்றால் ஒரு எஸ் சேர். ‘சில்ட்ரன்’, ‘மென்’ என்று எஸ் இல்லாத பன்மைகளும் இதில் தானாகவே சரியாக விழுந்துவிடுகின்றன. அதுவரை பாதிப்பேர் ‘சில்ட்ரன்ஸ்’ எழுதிவிட்டு எஸ்ஸுக்குப் பின்னால் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

‘இட்ஸ்’ மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. உடைமைக்குக் கொக்கி என்று நானே சொல்லிவிட்டு, அதனுடைய என்று வரும்போது போடாதே என்றால் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். ‘ஹிஸ்’ஸுக்குப் போடுகிறாயா, அதன் தம்பிதான் இதுவும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கொக்கி போட்ட ‘இட்ஸ்’ வேறு குடும்பம். ‘இட் இஸ்’ஸில் ஓர் எழுத்தை விழுங்கியதற்கு அடையாளம். உண்மையில் உடைமைக் கொக்கிக்கும் பூர்வீகம் அதுதான். பழைய ஆங்கிலத்தில் இ, எஸ் என்று இரண்டு எழுத்தாக இருந்த விகுதியில் அந்த இ விழுந்து கொக்கி வந்தது. இதை வகுப்பில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும், உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஜான் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு பத்திரிகைக்காரர் 2001-இல் இங்கிலாந்தில் இந்தக் கொக்கியைக் காப்பாற்ற ஒரு சங்கமே ஆரம்பித்தார். 2019-இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லிக் கடையைக் கட்டினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் ஒரு சம்பவம் கேள்.

போன வியாழக்கிழமை ஒரு பெண் கரும்பலகையில் ‘கேர்ள்ஸ்’ என்று எழுதி, அழகாகப் பின்னால் கொக்கி மாட்டிவிட்டு, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே புதிதாக எழுதிய கழிப்பறைப் பலகை. கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறது. “சார், எங்க டாய்லெட் ஒரே ஒரு பொண்ணுக்குத்தானா?” வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அறுபது பெண்பிள்ளைகளுக்கு நிஜமாகவே அது ஒன்றுதான் இருக்கிறது என்பதை நினைத்து எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

பெயின்டரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். “கடைசில போட்டா பெயின்ட் சொட்டின மாதிரி இருக்கும் சார், நடுவுல போட்டாதான் டிசைனா இருக்கும்” என்கிறார். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இடத்தை நானே சாக்பீஸால் குறித்துவைத்திருக்கிறேன். மழை பெய்யாமல் இருக்க வேண்டும்.

பொங்கல் லீவுக்கு வருவாய் அல்லவா? மாடி ஏறமாட்டேன், கீழேயே பேசிக்கொண்டிருக்கலாம். அந்த நன்னூல் உரைப் புத்தகத்தை எடுத்து வா.

உன் பழைய அறைத்தோழன்